வெறுங்கானும் தண்ணீரும்: ஒரு பழைய கதை



சென்ற வாரம் நாலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன்: "வேளாண்மைக்கு அடிக்கிற மருந்த உங்கட வீட்டில எங்க வைப்பாங்க?" கட்டிலுக்குக் கீழே, குசினிக்குள், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் என்று பதில்கள் வந்தன. ஒரு பிள்ளை சொன்னது: "முடிஞ்ச கான கழுவிட்டு வாப்பா வட்டைக்கு தண்ணி கொண்டு போவார் சேர்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை வரலாற்றிலிருந்தே சொல்கிறேன்.

1958, கேரளம். கோதுமை மாவும் பரத்தியன் என்ற பூச்சிமருந்தும் ஒரே கப்பலில் வந்தன. மருந்து மாவில் கலந்தது. சாப்பிட்டவர்களில் நூறு பேருக்கு மேல் மரணித்தனர். அதன் பிறகே, 1968இல், இந்தியா பூச்சிமருந்துச் சட்டம் கொண்டு வந்தது.

2013 ஜூலை 16, பீகாரின் கண்டாமன் கிராமம். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு. எண்ணெய் சரியில்லை என்று சமையல்காரர் சொல்லியும் சமையல் நிற்கவில்லை. 23 பிள்ளைகள் இறந்தார்கள். எண்ணெய் இருந்த கொள்கலனில் மொனோகுரோட்டோபொஸ் இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. சட்டம் வந்து 45 வருடம். ஆனால் சட்டம் குசினி வரைக்கும் வரவில்லை.

சில மருந்துகளைத் தடை செய்வதில் எங்கட நாடு முந்திக்கொண்டது. 1980இல் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1984இல் பரத்தியனுக்குத் தடை. 1995இல் மொனோகுரோட்டோபொஸுக்குத் தடை. 1998இல் எண்டோசல்பானுக்கும் தடை. கண்டாமன் பிள்ளைகளைக் கொன்ற மருந்து, அதற்கு 18 வருடம் முன்பே எங்கட கடைகளுக்குத் தடையாகிவிட்டது.

அதற்காக, இப்போது கடையில் இருப்பவை பாலும் தேனும் அல்ல. சிறுபிள்ளையின் உடம்பு சிறியது. பெரியவரைப் பாதிக்காத அளவும் அதைச் சாய்க்கும். தரையில் தவழும், கையை வாயில் வைக்கும், வட்டையால் வந்த வாப்பாவின் சேர்ட்டைக் கட்டிப்பிடிக்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்:

1. மருந்தைப் பூட்டி வையுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.
2. வெறுங்கானை ஓட்டை போட்டு விடுங்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் தண்ணீர் வேண்டாம்.
3. மருந்தடித்து வந்தால் முதலில் குளியுங்கள், பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பைத் தனியாகக் கழுவுங்கள்.

பிள்ளைக்கு வாயில் நீர் வடிந்து, வியர்த்து, மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். மருந்துப் போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் வைத்தியருக்கு உதவியாக இருக்கும்.

அந்தப் பிள்ளையின் வாப்பாவைச் சந்தித்துப் பேசினேன். கோபிக்கவில்லை. "நாங்க சின்னதில இருந்து இப்பிடித்தானே சேர்" என்றார். உண்மைதான். கண்டாமனிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வேளாண்மை செய்யும் உங்கட குடும்பத்தாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.