செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைத்தட்டுச் சேகரிப்பு

செக்ஸ் பிஸ்டல்ஸ், 1975-ல் லண்டனில் தோன்றிய பங்க் ராக் இசைக்குழு. 1978 ஜனவரியில் கலைந்தது. அந்தக் குறுகிய காலத்தில் நான்கு சிங்கிள் தட்டுகளையும் ஒரே ஒரு முழுநீள இசைத்தொகுப்பையும் மட்டுமே வெளியிட்டது. ஆனால் உலகில் மிக அதிகமாகத் தேடப்படும் வினைல் இசைத்தட்டுகளில் இக்குழுவின் தட்டுகளும் அடங்கும். ஒரு நிறுவனம் கைவிட்டது, ஒரு நிறுவனம் அழித்தது, ஒரு நிறுவனம் அவசரத்தில் மாற்றி மாற்றி அச்சிட்டது. இதனால் ஒரே பாடல் பல வடிவங்களில் எஞ்சியது. அந்த வடிவங்களைத் தேடித் தொகுத்தவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்களான ரசிகர்களே.

பின்புலம்

1970-களின் நடுவில் பிரிட்டனில் வேலையின்மையும் விலைவாசி உயர்வும் கடுமையாக இருந்தன. அக்காலத்து ராக் இசையோ நீண்ட பாடல்கள், விலையுயர்ந்த கருவிகள், பெரிய அரங்குகள் என்று இளைஞர்களிடமிருந்து விலகிச் சென்றிருந்தது. அதற்கு எதிர்வினையாகச் சில சுருதிகள் மட்டுமே கொண்ட, வேகமான, கரடுமுரடான பங்க் இசை எழுந்தது.

லண்டன் கிங்ஸ் சாலையில் மால்கம் மெக்லாரனும் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய துணிக்கடையைச் சுற்றி செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு உருவானது. ஜானி ராட்டன் என்று அறியப்பட்ட ஜான் லைடன் பாடகர். ஸ்டீவ் ஜோன்ஸ் கிட்டாரும், பால் குக் டிரம்ஸும், க்ளென் மேட்லாக் பேஸ் கிட்டாரும் வாசித்தனர். 1977 தொடக்கத்தில் மேட்லாக் விலகி சிட் விஷஸ் சேர்ந்தார். மெக்லாரன் குழுவின் மேலாளர். ஓவியர் ஜேமி ரீட் தட்டு உறைகளை வடிவமைத்தார். செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய எழுத்துக்களைப் போன்ற அவருடைய வடிவமைப்பு பின்னர் பங்க் இயக்கத்தின் அடையாளமாகவே ஆனது.

தட்டு உருவாகும் முறை

சேகரிப்பாளர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை அறிய, வினைல் தட்டு உருவாகும் முறையை அறிய வேண்டும். முதலில் அரக்குப் பூசிய தட்டில் ஊசியால் ஒலிவரிகள் வெட்டப்படுகின்றன. அதன்மேல் உலோகம் படியச்செய்து எதிர்வடிவம் எடுக்கப்படுகிறது. அதிலிருந்து இன்னொரு உலோகத் தட்டும், அதிலிருந்து ஸ்டாம்பர் எனப்படும் அச்சும் செய்யப்படுகின்றன. சூடாக்கிய பிளாஸ்டிக்கை இரு ஸ்டாம்பர்களுக்கு இடையில் அழுத்தினால் இசைத்தட்டு கிடைக்கும். ஸ்டாம்பர் தேய்ந்தால் புதிது செய்ய வேண்டும்.

ஒலிவரிகள் முடிந்து நடுவிலுள்ள லேபிள் தொடங்கும் இடத்தில் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். அதில் சிறு எழுத்துக்களும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். இதை மேட்ரிக்ஸ் எண் என்பர். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் எந்த வெட்டிலிருந்து அந்தப் பிரதி வந்தது என்பதை இதைக்கொண்டு கணிக்கலாம். உறையை மாற்றிவிடலாம், தட்டில் பொறித்த எண்ணை மாற்றுவது கடினம். எனவே சேகரிப்பாளர்கள் உறையைவிட இந்த எண்ணையே முதல் சான்றாகக் கொள்கின்றனர்.

முதல் தட்டு

1976 அக்டோபரில் இ.எம்.ஐ. நிறுவனம் 40,000 பவுண்டு முன்பணம் தந்து குழுவை ஒப்பந்தம் செய்தது. தமிழ்த் திரைப்பாடல் தட்டுகளை எச்.எம்.வி. முத்திரையுடன் வெளியிட்டுவந்த இந்திய கிராமபோன் கம்பெனியின் தாய் நிறுவனமும் இதுவே. 1976 நவம்பர் 26 அன்று ‘அனார்கி இன் த யூ.கே.’ வெளியானது. தட்டு எண் இ.எம்.ஐ. 2566.

முதலில் வந்த பிரதிகளுக்குப் பெயரோ படமோ இல்லாத கறுப்பு உறை இருந்தது. அவற்றின் லேபிளில் ஒரு பிழையும் இருந்தது. இரு பக்கங்களுக்கும் தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ் என்று அச்சாகியிருந்தது. மறுபக்கப் பாடலைத் தயாரித்தவர் டேவ் குட்மன். பின்னர் வந்த பிரதிகளில் இது திருத்தப்பட்டது. அன்று நிறுவனத்துக்குச் சங்கடம் தந்த அந்தப் பிழை, முதல் பிரதி எது என்பதற்கு இன்று ஆதாரமாக நிற்கிறது.

டிசம்பர் 1 அன்று பில் கிரண்டி நடத்திய மாலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழுவினர் கலந்துகொண்டனர். கிரண்டி அவர்களைச் சீண்ட, ஸ்டீவ் ஜோன்ஸ் நேரடி ஒளிபரப்பிலேயே கெட்ட வார்த்தைகளில் பதிலளித்தார். மறுநாள் செய்தித்தாள்கள் கொந்தளித்தன. ஊர்தோறும் நடக்கவிருந்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை ரத்தாயின. இ.எம்.ஐ. ஆலையில் தட்டுகளை உறையிலிடும் தொழிலாளர்கள் அந்தத் தட்டைத் தொட மறுத்தனர். 1977 ஜனவரியில் இ.எம்.ஐ. குழுவைக் கைவிட்டது. தட்டும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

அழிக்கப்பட்ட தட்டு

1977 மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ஏ அண்ட் எம் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறே நாட்களில், மார்ச் 16 அன்று, அந்நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. ‘காட் சேவ் த குயின்’ பாடலின் சுமார் 25,000 பிரதிகள் அதற்குள் அச்சாகியிருந்தன. தட்டு எண் ஏ.எம்.எஸ். 7284. ஏறக்குறைய அனைத்தும் அழிக்கப்பட்டன.

தப்பியவை மிகச் சிலவே. பங்க் தட்டுகளிலேயே அதிகம் தேடப்படுவது இதுதான். ஏலத்தில் 10,000 பவுண்டுக்கு மேலும் விலைபோயுள்ளது. இதே பாடலை இரண்டே மாதங்களில் வேறொரு நிறுவனம் வெளியிட்டது. அது எளிதில் கிடைக்கும். இரண்டிலும் கேட்பது ஒரே பாடல்தான். அப்படியிருக்க இந்த விலை எதற்கு? மறுபக்கத்தில் உள்ள பாடல் வேறு என்பது ஒரு சிறு காரணம். ஒரு நிறுவனம் தன் முடிவைக் கண்டு தானே அஞ்சி, அதன் தடயத்தை இல்லாமலாக்க முயன்றது என்பதற்கு அந்தப் பிரதியே பருப்பொருளாக எஞ்சிய சான்று என்பது முக்கியக் காரணம்.

வர்ஜின் வெளியீடுகள்

மூன்றாவதாக வர்ஜின் நிறுவனம் குழுவை ஏற்றது. 1977 மே 27 அன்று ‘காட் சேவ் த குயின்’ வி.எஸ். 181 என்ற எண்ணுடன் வெளிவந்தது. இரண்டாம் எலிசபெத் அரசி அரியணையேறிய வெள்ளிவிழா கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நீலமும் வெள்ளியும் கலந்த உறையில் அரசியின் கண்களையும் வாயையும் எழுத்துப்பட்டைகள் மறைத்திருந்தன. அச்சிடும் ஆலையில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். உறை அச்சுக்கான தகடு செய்வோரும் மறுத்தனர். பேச்சுவார்த்தைக்குப் பிறகே பணி நடந்தது.

பிபிசி பாடலை ஒலிபரப்ப மறுத்தது. பெரிய கடைத்தொடர்கள் விற்க மறுத்தன. இருந்தும் அதிகாரபூர்வ விற்பனைப் பட்டியலில் அது இரண்டாம் இடம் பெற்றது. முதலிடத்தில் ராட் ஸ்டூவர்ட்டின் தட்டு இருந்தது. உண்மையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் தட்டே அதிகம் விற்றது, வேண்டுமென்றே இரண்டாமிடத்தில் நிறுத்தினார்கள் என்ற ஐயம் இன்றுவரை பேசப்படுகிறது.

அக்டோபரில் வந்த ‘ஹாலிடேஸ் இன் த சன்’ தட்டுக்கும் சிக்கல் வந்தது. ஜேமி ரீட் பெல்ஜிய சுற்றுலாக் கையேடு ஒன்றின் சித்திரப்படங்களை எடுத்து, உரையாடல்களை மாற்றி உறையாக்கியிருந்தார். கையேட்டின் உரிமையாளர்கள் சட்ட நடவடிக்கை எடுத்தனர். உறை திரும்பப் பெறப்பட்டது. இங்கே தட்டு அரிதல்ல, காகித உறைதான் தேடப்படுகிறது.

ஒரு தொகுப்பு, பல வடிவங்கள்

1977 அக்டோபர் 28 அன்று ‘நெவர் மைண்ட் த பொல்லக்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் முழுநீள இசைத்தொகுப்பு வெளியானது. எண் வி 2086. பிரான்சில் வெளியிடும் உரிமை பார்க்ளே நிறுவனத்திடம் இருந்தது. அங்கிருந்து பிரதிகள் பிரிட்டனுக்குள் வந்துவிடலாம் என்ற நிலையில் வர்ஜின் அவசரமாக அச்சிட்டது. முதலில் வந்த பிரதிகளில் 11 பாடல்களே இருந்தன. உறையின் பின்புறத்தில் பாடல் பட்டியல் இல்லை. விடுபட்ட ‘சப்மிஷன்’ பாடல் ஒருபக்கத் தட்டாகத் தனியே உள்ளே வைக்கப்பட்டது. ஒரு சுவரொட்டியும் இருந்தது. பின்னர் 12 பாடல்கள் கொண்ட வடிவம் வந்தது. உறையில் உள்ள பட்டியலும் தட்டில் உள்ள பாடல்களும் பொருந்தாத பிரதிகளும் உண்டு. அமெரிக்கப் பதிப்பின் உறை மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பில் வந்தது.

தொகுப்பின் தலைப்பும் வழக்குக்கு உள்ளானது. நாட்டிங்ஹாமில் ஒரு இசைத்தட்டுக் கடை மேலாளர், உறையைக் கண்ணாடி அலமாரியில் வைத்ததற்காக 1889-ஆம் ஆண்டின் ஆபாச விளம்பரச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். அவருக்காக எழுத்தாளரும் வழக்கறிஞருமான ஜான் மார்ட்டிமர் வாதாடினார். தலைப்பிலுள்ள சொல் பழைய ஆங்கிலத்திலேயே வழங்கியது, மதகுருமாரையும் குறித்தது என்று ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் சாட்சியம் அளித்தார். நவம்பர் 24 அன்று வழக்கு தள்ளுபடியானது. தொகுப்பு ஏற்கெனவே விற்பனையில் முதலிடத்தைப் பிடித்திருந்தது.

கள்ளப் பதிப்புகளும் போலிகளும்

டேவ் குட்மன் தயாரித்த முந்தைய ஒலிப்பதிவுகள் ‘ஸ்பங்க்’ என்ற பெயரில் அனுமதியின்றித் தட்டாக வந்தன. அதிகாரபூர்வத் தொகுப்புக்கு முன்பே இது கடைகளில் புழங்கியது. அதன் முரட்டு ஒலியே குழுவின் உண்மையான ஒலி என்று கருதுவோர் உண்டு. இது கள்ளப் பதிப்பு, போலி அல்ல. வேறெங்கும் கிடைக்காததைத் தருவதால் அதற்கு வரலாற்று மதிப்பும் உண்டு.

போலி என்பது வேறு. அரிய பிரதியைப் போலவே லேபிளும் எண்ணும் அச்சிட்டு அசல் என்று விற்பது. ஏ அண்ட் எம் தட்டுக்கு இத்தகைய போலிகள் பல வந்துள்ளன. லேபிளின் எழுத்து மங்கலாக இருக்கிறதா, மேட்ரிக்ஸ் எண் கையால் கீறப்பட்டதா, இயந்திரத்தால் பதிக்கப்பட்டதா என்பவற்றை அறிந்த பிரதிகளுடன் ஒப்பிட்டே அசலை உறுதிசெய்கின்றனர். புதிதாகச் சேகரிப்பவர் விலையைவிட இந்த ஒப்பீட்டையே முதலில் கற்க வேண்டும்.

சேகரிப்பு பற்றிய விவாதம்

பங்க் இயக்கம் உடைமையையும் பிரபலத்தையும் கேலிசெய்தது. மலிவாகச் செய், நீயே செய் என்பது அதன் நெறி. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ தட்டைக் கடன்வாங்கிய பணத்தில் தானே வெளியிட்டது. முதலில் அச்சானவை 1,000 பிரதிகள். எத்தனையாவது முயற்சியில் ஒவ்வொரு பாடலும் பதிவானது என்பதையும் உறையில் அச்சிட்டனர். இசைத்தட்டு செய்வதில் மர்மம் ஏதுமில்லை என்று காட்டுவதே நோக்கம். அத்தகைய தட்டுகள் இன்று பெட்டகத்தில் பூட்டி வைக்கும் பொருளாகிவிட்டன.

இந்த முரண் 2016-ல் வெளிப்படையாக வெடித்தது. பங்க் இசையின் 40-ஆம் ஆண்டு லண்டனில் அரசு அமைப்புகளின் ஆதரவுடன் கொண்டாடப்பட்டது. பிரிட்டிஷ் நூலகம் கண்காட்சி நடத்தியது. மெக்லாரன், வெஸ்ட்வுட் இருவரின் மகனான ஜோ கோரே இதை எதிர்த்தார். ‘அனார்கி இன் த யூ.கே.’ வெளியான அதே நவம்பர் 26 அன்று, தேம்ஸ் நதியில் ஒரு படகில் தன் பங்க் சேகரிப்பைத் தீயிட்டார். அதன் மதிப்பு 50 லட்சம் பவுண்டு என்றார். பங்க் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு.

2022-ல் அரசியின் 70-ஆம் ஆண்டு விழாவின்போது ‘காட் சேவ் த குயின்’ மீண்டும் வெளியிடப்பட்டது. முன்பு அழிக்கப்பட்ட ஏ அண்ட் எம் வடிவம் 1,977 பிரதிகள் மட்டும் அச்சானது. 1977-ல் அச்சத்தால் உண்டான அருமை, 2022-ல் விற்பனைக்காகத் திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. சேகரிப்பாளர் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்.

வரலாற்று முக்கியத்துவம்

ஜோ கோரேயின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் எரிப்பதும் ஒருவகையில் 1977 மார்ச்சில் அந்த நிறுவனம் செய்ததையே மீண்டும் செய்வதாகிறது. தட்டுகளை அழித்தவர்களும் விற்க மறுத்தவர்களும் அவை நினைவில் நிற்கக்கூடாது என்றே விரும்பினர். அவற்றை வைத்துக்கொண்டவர்களில் பலர் வாரச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கிய சாதாரண இளைஞர்கள். விலை உயரும் என்று எண்ணி அவர்கள் வாங்கவில்லை.

ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த பதிப்பாசிரியர்களின் உழைப்பைத் தமிழ் வாசகர்கள் அறிவர். லேபிளில் திருத்தப்பட்ட ஒரு பெயரையும், உறையில் விடுபட்ட ஒரு பட்டியலையும் குறித்துவைக்கும் இசைத்தட்டு ரசிகர் செய்வதும் அதையொத்த பணிதான். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் 1976–1977 ஆண்டுகளில் யார் எதற்கு அஞ்சினார்கள், எப்போது பின்வாங்கினார்கள் என்பதைச் செய்தித்தாள்களைக் கொண்டு மட்டுமே அறிய முடியும். தட்டுகள் அதை நேரில் காட்டுகின்றன. ஊசியை வைத்தால் ஒலிக்கவும் செய்கின்றன.