வீட்டு விலைப் பேச்சும் தரகரின் நாவும்: மதீனா விட்டுச் சென்ற முன்மாதிரி

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு வீட்டுக்கு விலை பேசினோம். தரகர் மறுநாள் இரவு தொலைபேசியில் அழைத்து, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நம்மைவிட இரண்டு இலட்சம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். பதறிப்போய் விலையை உயர்த்தினோம். பத்திரப்பதிவு முடிந்த பிறகு வீட்டு உரிமையாளரிடம் பேசியபோதுதான், அப்படி எவரும் வரவில்லை என்பது தெரிந்தது. ஆயினும் நம் பங்கையும் மறைக்கலாகாது. இதைவிடக் குறைந்த விலைக்கு வேறு வீடு தயாராக இருக்கிறது என்று நாமும் பொய் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கியிருந்தோம்.

வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நம் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

தரகுத் தொழில் இஸ்லாத்துக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்களின் காலத்து மதீனாச் சந்தையில் இருந்தவர்கள் 'ஸமாஸிரா' என்று அழைக்கப்பட்டனர். தரகர்கள் என்பது அதன் பொருள். கைஸ் பின் அபீ ஃகரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியின்படி, நபியவர்கள் அவர்களிடம் வந்து அதைவிட அழகிய பெயராகிய 'வணிகர்கள்' என்பதைச் சூட்டினார்கள். கூடவே, வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. தொழிலை இழிவாகக் கருதாமல், அதில் நாவுக்கு நேரும் ஆபத்தை மட்டும் சுட்டிக்காட்டிய அறிவுரை இது.

தரகர் கூலி பெறுவதில் தவறில்லை என்று இப்னு சீரீன், அதாஉ, ஹஸன் பஸ்ரீ (ரஹ்) போன்ற முற்கால அறிஞர்கள் கருதியதை இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். தடுக்கப்பட்டது வேறொன்று. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். அதை நபியவர்கள் தடுத்தார்கள். இருவர் விலை பேசி இணங்கிய பின் மூன்றாமவர் புகுந்து கூடுதல் விலை கேட்பதையும் தடுத்தார்கள். பேரம் பேசுவது கூடும். பேரத்தில் ஏமாற்றுவது கூடாது.

இதற்கு உயிருள்ள சான்றாக ஸஹீஹுல் புகாரியில் ஒரு வீட்டு விற்பனையே பதிவாகியுள்ளது. நபியவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளவுக்குள் இரண்டு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு ஸஅதிடம் கேட்டார்கள். ஸஅத் மறுத்தார்கள். உடனிருந்த மிஸ்வர் பின் மக்ரமா (ரலி) அவர்கள், வாங்கித்தான் ஆகவேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அப்போதும் ஸஅத், நாலாயிரத்துக்கு மேல் தரமாட்டேன், அதுவும் தவணையாகத்தான் என்று உறுதியாக நின்றார்கள்.

அபூராஃபிஉவின் பதில் சிந்தனைக்குரியது. வேறொருவர் 500 தீனார் தர முன்வந்துள்ளார் என்றும், அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குக் கொடுத்திருக்கமாட்டேன் என்றும் கூறி, அறைகளை ஸஅதிடமே கொடுத்துவிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஸஅத் தாம் விரும்பிய விலையில் உறுதியாக நின்றது குற்றமாகக் கருதப்படவில்லை. இடையில் நின்ற மிஸ்வர் வெளிப்படையாகப் பேசினார்கள், எதையும் புனைந்துரைக்கவில்லை. வேறொருவர் கூடுதலாகத் தருகிறார் என்ற அதே வாக்கியம் அங்கும் சொல்லப்பட்டது. ஆனால் அது உண்மையாக இருந்தது. விலையை ஏற்றும் கருவியாக இல்லாமல், விட்டுக்கொடுத்ததற்கான விளக்கமாக இருந்தது.

இந்த அண்டை வீட்டார் முன்னுரிமையே ஃபிக்ஹில் 'ஷுஃப்ஆ' என விரிந்தது. ஹனஃபீ மத்ஹப் அதை அண்டை வீட்டாருக்கும் வழங்கியது. ஷாஃபிஈ மத்ஹப் கூட்டு உரிமையாளரோடு நிறுத்திக்கொண்டது. நம் மண்ணில், 1870இல் சென்னை உயர் நீதிமன்றம் இவ்வுரிமையைச் சட்டமாக ஏற்க மறுத்தது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், விற்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்பதை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை.

முன்பணத்துக்கும் முன்னோர் வழக்கு உண்டு. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், நாஃபிஉ பின் அப்தில் ஹாரிஸ் (ரலி) அவர்கள் மக்காவில் சிறைச்சாலைக்காக ஸஃப்வான் பின் உமைய்யா (ரலி) அவர்களிடம் ஒரு வீட்டை விலை பேசினார்கள். உமர் ஒப்பினால் விற்பனை உறுதியாகும்; ஒப்பாவிட்டால் ஸஃப்வானுக்கு 400 உண்டு என்பது நிபந்தனை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் இதை ஆதாரமாகக் கொண்டு முன்பண ஒப்பந்தத்தை அனுமதித்தார்கள்; பெரும்பாலான இமாம்கள் அனுமதிக்கவில்லை. 1993இல் புருனேயில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, காத்திருக்கும் காலம் குறிக்கப்பட்டால் கூடும் என முடிவு செய்தது. எனவே அட்வான்ஸ் கொடுக்கும்போது கெடுத் தேதியையும், பணம் யாருக்குச் சேரும் என்பதையும் எழுதிக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு.

12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளருக்காக எழுதிய கையேட்டில் தரகர்களுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். தரகர் தாமாக விலையை ஏற்றக்கூடாது, வணிகருடன் இரகசியக் கூட்டு வைக்கக்கூடாது என்பன அதன் விதிகளில் சில. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதன்கீழ்ப் பதிவான மனைத் திட்டங்களை விற்றுத்தரும் தரகர்களும் பதிவு பெறவேண்டும் என்கிறது. ஆனால் இரவில் வரும் ஒரு தொலைபேசி அழைப்பை எந்தச் சட்டம் கண்காணிக்கும்?

நாம் தொழுவதற்கும் நம் பிள்ளைகள் ஓதுவதற்கும் வாங்கும் வீடு அது. அதன் முதல் கல் பொய்யாக இருக்கலாமா? அடுத்த முறை நம்மால் இயன்ற விலையை உள்ளபடி சொல்வோம். தரகர் வேறொருவரைச் சொன்னால், உரிமையாளர் முன்னிலையில் பேசலாம் என்று அமைதியாகக் கேட்போம். வீடு கைவிட்டுப் போனாலும் பரக்கத் போய்விடாது, இன்ஷா அல்லாஹ்.