பாதுகாப்பான பிணைய இணைப்புகளில் காத்திருப்பற்ற செயல்முறை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பிணைய நிரலாக்கத்தில் தரவு வந்து சேரும்வரை நிரல் நின்று காத்திருப்பது இயல்பான முறையாகும். காத்திராமல் பிற இணைப்புகளைக் கவனிக்கும் முறையும் தொடக்கத்திலேயே தோன்றியது. ஆயினும், மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்புகளுக்கு அது எளிதில் பொருந்தவில்லை. அதன் காரணத்தையும் தீர்வு உருவான விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சாக்கெட்டும் செலக்டும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி இயக்க முறைமை, சாக்கெட் இடைமுகத்தையும் செலக்ட் அழைப்பையும் வழங்கியது. எந்த இணைப்பில் தரவு உள்ளது என்பதைச் செலக்ட் அறிவித்ததால், ஒரே நிரல் பல இணைப்புகளைப் பேண முடிந்தது.

மறையாக்கத்தால் எழுந்த சிக்கல்

நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் எஸ்எஸ்எல் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. இதில் தரவு தனித்தனிப் பதிவுகளாகப் பொதியப்படுகிறது. ஒரு பதிவு முழுமையாக வந்த பின்னரே அதனைச் சரிபார்க்க இயலும். சாக்கெட்டில் தரவு உள்ளதென இயக்க முறைமை கூறினாலும், பதிவின் ஒரு பகுதி மட்டுமே வந்திருக்கலாம். அதன் எஞ்சிய பகுதிக்காக நிரல் நின்றால், ஒருவரின் மந்தமான இணைப்பு அனைவரையும் முடக்கிவிடும். மாறாக, சாக்கெட் வெறுமையாக இருந்தும், மறைநீக்கிய தரவு நூலகத்தின் இடையகத்தில் எஞ்சியிருக்கலாம். அதனைக் கவனியாத நிரல், கையிலுள்ள தரவுக்காகவே காத்துக்கிடக்கும். இணைப்பின் நடுவே மறு உடன்பாடு நிகழ்ந்தால், படிக்க முயலும் நிரல் முதலில் எழுதவேண்டிய நிலையும் ஏற்படும். ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம், அடுத்துத் தேவைப்படுவது படித்தலா எழுதுதலா என்பதை நிரலுக்கு உணர்த்தி இதனைக் கையாள்கிறது.

ஜாவாவின் தீர்வு

2002இல் வெளிவந்த ஜாவா 1.4, காத்திருப்பற்ற இணைப்புகளையும் எஸ்எஸ்எல் வசதியையும் ஒருங்கே கொண்டிருந்தது. எனினும் இரண்டையும் இணைக்க அதில் நேரடி வழியில்லை. பாதுகாப்பை வேண்டிய வழங்கிகள் பொதுவாக ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இழையை ஒதுக்க நேர்ந்தது. 2004இல் ஜாவா 5 அறிமுகப்படுத்திய எஸ்எஸ்எல்என்ஜின் சாக்கெட்டைத் தொடுவதே இல்லை. பைட்டுகளைப் பெற்று, மாற்றிய பைட்டுகளைத் தருவதோடு அதன் பணி நிறைவுறுகிறது. அனுப்புவதும் பெறுவதும் நிரலின் பொறுப்பாயின. நெடுநேரம் பிடிக்கும் கணக்கீடுகளையும் அது தனிப்பணிகளாகப் பிரித்து நிரலிடமே ஒப்படைக்கிறது.

முடிவுரை

2018இல் வெளியான டிஎல்எஸ் 1.3 மறு உடன்பாட்டை நீக்கியது. ஆயினும் திறவுகோல் புதுப்பிப்பு இணைப்பின் நடுவே நிகழலாம் என்பதால், படித்தலும் எழுதுதலும் முற்றிலும் பிரிந்துவிடவில்லை. இயக்க முறைமை பைட்டுகளை மட்டும் அறியும். பதிவுகளை நூலகமே அறியும். சிக்கலின் வேர் மறையாக்கத்தின் வேகத்தில் அன்று, இவ்விரு அறிவுகளின் இடைவெளியிலேயே இருந்தது என்பது இவ்வரலாற்றால் தெளிவாகிறது.