துடுப்பு யார் கையில்?

வரலாற்றுப் புத்தகங்களில் வாளுக்கும் வேலுக்கும் பஞ்சமில்லை. ராஜாவின் செங்கோலுக்குத் தனி அத்தியாயமே உண்டு. அடுப்படியில் கஞ்சி கிண்டுகிற கட்டைக்கு அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. அதைப் பிடித்த கைகளுக்கும் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு கட்டையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்கள் வீட்டில் தானியக்கள் போடும்போது கிண்டுவதற்கு வைத்திருந்த கட்டை அது. அந்தக் கட்டைக்கும் ஒரு நகராட்சிக்கும் ஐம்பது வருசம் சண்டை நடந்தது.

எங்கள் வடாற்காட்டுச் சேரிகளில் கேவுரு களி கிண்டுகிற கட்டைக்குத் துடுப்பு என்று பெயர். படகு ஓட்டுகிறவனுக்கும் அதே பேர்தான். எந்தக் கட்டையையும் துடுப்பு என்று எடுத்துவிட முடியாது. எங்க ஆயா சந்தையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத்தான் எடுக்கும். "அடி தட்டையா இல்லன்னா களி அடி புடிக்கும். காம்பு கட்டையா இருந்தா கை வேவும். பால் வடியிற மரம்னா களியே கசக்கும்" என்று சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பொம்பளையின் மூன்றே வாக்கியம். ஆப்பிரிக்கத் துடுப்பைப் பற்றிப் படித்தபோது இந்த மூன்று வாக்கியமும் அங்கேயும் பொருந்துவதைப் பார்த்தேன்.

ஹோசா, சூலு மக்களின் பழைய கள்ளுக்கு உம்கொம்போத்தி என்றும் உட்ஷ்வாலா என்றும் பெயர். வெள்ளைச்சோளத்தை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, அரைத்துக்கொள்வார்கள். அந்த முளைமாவோடு மக்காச்சோள மாவைச் சேர்த்து வெந்நீரில் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விடுவார்கள். மறுநாள் அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, மறுபடியும் முளைமாவைப் போட்டுக் கிண்டுவார்கள். மூன்றாம் நாள் நுரை கட்டும். புல்லால் பின்னிய நீளமான வடிகட்டியில் பிழிந்து எடுத்து மண்பானையில் ஊற்றுவார்கள். போதை சுமார் 3 சதவீதம்தான். கூழ் பாதி, கள் பாதி. பசிக்கும் ஆகும், களைப்புக்கும் ஆகும். முன்னோருக்குப் படைக்கவும் அதுதான்.

இதில் நுணுக்கமெல்லாம் கிண்டுவதில்தான். முளைவிட்ட தானியத்தில் ஒரு சத்து உண்டு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது அதுதான். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் அது செத்துப்போகும். ரொம்ப ஆறிப்போனால் வேலை செய்யாது. கட்டி கட்டியாக நின்றுவிட்டால் கட்டியின் உள்ளே இருக்கிற மாவு அப்படியே கிடக்கும், கள்ளும் இறங்காது. சூடு எவ்வளவு என்று காட்ட அந்தப் பெண்களிடம் கருவி இல்லை. துடுப்பு எவ்வளவு கனக்கிறது, கஞ்சி அதில் எப்படி ஒட்டுகிறது, எப்படி வழிகிறது என்று பார்த்தே கை கணக்குப் போடும். அதனால்தான் துடுப்பைப் பார்த்து எடுக்க வேண்டியிருந்தது. பானையின் ஆழத்தைவிட ஒரு முழமாவது நீளம் வேண்டும். அடிப்பக்கம் தட்டையாக இருந்து பானையின் அடியைச் சுரண்ட வேண்டும். பிசினும் வாசனையும் இல்லாத கெட்டி மரமாக இருக்க வேண்டும். இரும்பு என்றால் சூடு கைக்கு ஏறிவிடும். மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் துளைகளில் போன தடவையின் நொதி தங்கும். அடுத்த பானைக்கு அது உறைமோர் மாதிரி.

இந்த அறிவு முழுக்கப் பெண்களிடம் இருந்தது. அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது. நிலம் பறிபோய், ஆண்கள் துறைமுகத்துக்கும் சுரங்கத்துக்கும் கூலிகளாகப் போனபோது, பின்னாலேயே நகரத்துக்கு வந்த பெண்கள் கையில் இருந்த ஒரே மூலதனமும் இதுதான். வெள்ளைக்காரன் வீட்டில் துணி துவைக்கலாம், இல்லையென்றால் கள் போட்டு விற்கலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் அந்தக் கள்ளிலிருந்து வந்தது.

இந்தக் காசு மேல் நகராட்சிக்குக் கண் விழுந்தது. 1908-இல் நேட்டால் அரசு சுதேசி பீர் சட்டம் கொண்டுவந்தது. கறுப்பு மக்கள் குடிக்கிற சோளக்கள்ளைத் தயாரித்து விற்கும் ஏகபோக உரிமையை நகராட்சிகள் எடுத்துக்கொள்ள அது வழிசெய்தது. அடுத்த வருசமே டர்பன் நகராட்சி அந்த உரிமையைக் கையில் எடுத்துக் கள்ளுக்கூடங்களைத் திறந்தது. வீட்டில் போட்டால் குற்றம், நகராட்சிக் கூடத்தில் போய்க் குடித்தால் சட்டம். வந்த லாபத்தில் ஒற்றை ஆண்கள் தங்கும் கொட்டடிகள் கட்டினார்கள். கறுப்பு மக்களைக் கண்காணிக்கிற அலுவலகத்தையும் போலீசையும் நடத்தினார்கள். என்னை அடக்குகிற செலவை நான் குடிக்கிற கள்ளிலிருந்தே எடுத்துக்கொள்வது! 'டர்பன் முறை' என்று இதற்குப் பெயரே வந்தது. 1923-இன் நகர்ப்புறச் சட்டத்துக்குப் பிறகு மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றின. அந்த நிர்வாகம் உட்கார்ந்திருந்த கட்டடம் பிற்பாடு க்வாமூலே அருங்காட்சியகம் ஆகி, இந்தக் கதையையே காட்சிக்கு வைத்தது.

பெண்கள் விட்டுவிடவில்லை. தகர டின்களையும் பீப்பாய்களையும் தரையில் குழிதோண்டிப் புதைத்து, மேலே மண்ணைத் தள்ளி மூடினார்கள். போலீஸ்காரன் வந்து இரும்புக் கம்பியால் தரையைக் குத்திக் குத்திப் பார்ப்பான். இவர்கள் கையில் மரத்துடுப்பு, அவன் கையில் இரும்புக்கம்பி. எலன் ஹெல்மான் 1930-களில் ஜோகன்னஸ்பர்க்கின் 'ரூயியார்ட்' குடியிருப்பில் ஆய்வு செய்து, புதைத்த கள்ளை நம்பியே குடும்பங்கள் பிழைத்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

சட்டம் இன்னொன்றையும் கெடுத்தது. மூன்று நாள் பொறுத்துக் கிண்டுகிற கள்ளுக்கு மூன்று நாளும் போலீஸ் பயம். அதனால் ஒரே நாளில் ஏறுகிற சரக்குகள் வந்தன. வெல்லப்பாகில் போட்ட இசிஷிமியானா, ஈஸ்ட்டைக் கொட்டிப் பொங்கவைத்த ஸ்கோக்கியான். கூழாக இருந்தது வெறும் போதையானது. அப்புறம் அதைக் காட்டியே, "பார், இந்தச் சனங்களுக்குக் குடிக்கத் தெரியவில்லை" என்றார்கள். நமக்குக் கேட்டுப் பழகின பேச்சுதான்.

1929-இல் டர்பன் தொழிலாளிகள் கள்ளுக்கூடங்களைப் புறக்கணித்தார்கள். ஜூன் 17 அன்று வெள்ளையர் கும்பல் தொழிற்சங்கக் கூடத்தைச் சூழ்ந்துகொண்டது. கறுப்பர் ஆறு பேரும் வெள்ளையர் இரண்டு பேரும் செத்தார்கள். சரியாக முப்பது வருசம் கழித்து, கேட்டோ மேனர் என்ற இடத்தில் மறுபடி வெடித்தது.

கேட்டோ மேனர் கதையில் நம்ம ஆட்களும் வருகிறார்கள். 1860 நவம்பர் 16-இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. 1911 வரை போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துச் சனங்கள். கப்பல் பதிவேட்டில் பெயருக்கு எதிரே சாதியும் எழுதியிருக்கிறது. பறையர் என்ற பதிவு அதில் நிறைய. ஒப்பந்தம் முடிந்தவர்கள் கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்டார்கள். பிறகு நிலம் வைத்திருந்த இந்தியர்கள் கறுப்பு மக்களுக்குக் குடிசை போட இடத்தை வாடகைக்கு விட்டார்கள். வாடகை வாங்குகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் நடுவில் புகைந்துகொண்டிருந்த பகை 1949 ஜனவரியில் கலவரமாகி 142 பேர் செத்தார்கள். அதில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். மேலே உட்கார்ந்திருந்தவன் வெள்ளைக்காரன். அடித்துக்கொண்டு செத்தது கீழே இருந்த இரண்டு கூட்டம். இங்கே சேரியில் ஒதுக்கப்பட்டவன் அங்கே போய்க் கறுப்பனை ஒதுக்கின கதையும் உண்டு. அதையும் நாம்தான் எழுத வேண்டும்.

1950-களில் கேட்டோ மேனர் குடிசைகள் பெருகின. பெண்கள் கள் போட்டு விற்றார்கள். நகராட்சி ஒரு பக்கம் குடிசைகளை இடித்து ஆட்களை க்வாமாஷுவுக்குத் துரத்தியது. இன்னொரு பக்கம், விஷக்காய்ச்சல் பரவுகிறது, சுகாதாரம் என்று சொல்லிப் பெண்களின் பீப்பாய்களைக் கவிழ்த்துக் கொட்டியது. ஆனால் அதே ஊரில் நகராட்சிக் கள்ளுக்கூடம் மட்டும் திறந்தே இருந்தது. 1959 ஜூன் 17-இல் பெண்கள் கூட்டமாக அந்தக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டினார்கள், கள்ளைத் தரையில் கொட்டினார்கள். மறுநாள் சுமார் 2000 பெண்கள் திரண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. கள்ளுக்கூடப் புறக்கணிப்பு மற்ற இடங்களுக்கும் பரவியது. முன்னின்றவர்களில் டோரத்தி நியெம்பே ஒருவர்.

அந்தப் பெண்கள் குடிக்கு எதிராகக் கிளம்பியவர்கள் இல்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் கிண்டினால் குற்றம், நீ கிண்டினால் வருமானமா? புருசன் கூலியும் உன்னிடம், எங்கள் தொழிலும் உன்னிடம் என்றால் பிள்ளைக்குக் கஞ்சி எங்கிருந்து வரும்? 1976-இல் சொவேட்டோ மாணவர்கள் கலகம் செய்தபோது கள்ளுக்கூடங்களைக் கொளுத்தியதும் இந்தக் கணக்கில்தான்.

இங்கே திரும்பிப் பார்ப்போம். 1886-இன் சென்னை ஆப்காரிச் சட்டம் கள் இறக்குவதையும் சாராயம் காய்ச்சுவதையும் உரிமம் வாங்கினவனுக்கு மட்டும் ஆக்கியது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 1992-இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் பெண்கள் சாராயக்கடைகளை மூடவைத்தார்கள். ஆந்திர அரசு 1993-இல் சாராயத்தைத் தடைசெய்ய வேண்டிவந்தது. கேட்டோ மேனர் பெண்கள் கள் போடும் உரிமையைக் கேட்டார்கள், துபகுண்டா பெண்கள் சாராயமே வேண்டாம் என்றார்கள். இரண்டும் எதிரெதிர் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு இடத்திலும் எங்கள் அடுப்பிலிருந்து எடுத்த காசில் நீ ஆட்சி நடத்தாதே என்பதுதான் பேச்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதிகமும் கூலிச் சனங்கள். அப்போதும் குடித்தவனைத்தான் திட்டினார்கள்.

குடியைப் பற்றி நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் ஏராளம். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது: எதைக் கிண்டுவது என்று முடிவு செய்தது யார்? துடுப்பைப் பிடுங்கினது யார்? லாபம் யார் பெட்டியில் விழுந்தது? எந்த ஊராக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் தேடினால் ஒடுக்கப்பட்ட பெண்களின் வரலாறு பாதி கிடைத்துவிடும். மீதிப் பாதியை அந்தப் பெண்களே சொல்ல வேண்டும். நாம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.