தாண்டாத எல்லை

எங்கள் ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். மழை அங்கிருந்து வருகிறது, தண்ணீர் அங்கிருந்து வருகிறது. ஆகவே மலை முழுவதும் நம்முடையதுதான் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். மலையின் உச்சி விளிம்புக்கு அந்தப் புறம் ஒரு காலத்தில் வேறு ராஜ்யம் என்று தாத்தா சொன்னபோது எனக்குச் சிறிது வருத்தமாகக்கூட இருந்தது.

தேன் எடுக்கப் போகிறவர்கள் பனி மூட்டத்தில் திசை தப்பி அந்தச் சரிவில் இறங்கிவிட்டால் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமைக்குள் போய்விட்டார்கள் என்று அர்த்தம். திரும்பி வந்தால் கதை. வராவிட்டால் அதுவும் ஒரு கதை. மலை ஏறாதவர்களுக்கும் அந்தச் சங்கடம் உண்டு. குற்றாலத்தில் குளிப்பது ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லாவில். குளித்த ஈரம் உலர்வதற்குள் நடந்து போய்விடக்கூடிய செங்கோட்டையோ மகாராஜாவின் பூமி. மடியில் புகையிலை இருக்கிறதா என்று பார்க்க நடுவில் சுங்கக்காரர்கள் இருந்தார்கள். 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் அந்தச் செங்கோட்டைக்காரர்தான். கணக்குப்படி அவர் மகாராஜாவின் பிரஜை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது. அன்றிலிருந்து மடியில் புகையிலையோடு தாராளமாகப் போய் வரலாம்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த எல்லைகள். தாண்டினால் தாண்டினோம் என்று தெரியும். நான் சொல்ல வந்தது, தாங்கள் ஓர் எல்லையைத் தாண்டியிருப்பதாக நூறு வருஷம் கழித்துச் சொல்லப்பட்ட மனிதர்களைப் பற்றி.

எங்கள் அடுத்த தெருவில் ஒரு கிழவி இருந்தாள். ஊரில் அவளுக்குக் கண்டிப் பாட்டி என்று பெயர். அவள் பிறந்து வளர்ந்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். கண்டி அங்கிருந்து வெகு தூரம். ஆனால் நம் ஜனங்களுக்குச் சிலோனில் மலை என்றால் அது கண்டிச் சீமைதான். 1971-ல் வந்து, ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டாள். சர்க்கார் காகிதத்தில் அவளைப் போன்றவர்களுக்குத் "தாயகம் திரும்பியோர்" என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே பாட்டிக்குப் பொறுக்காது.

"திரும்பி வந்தவன்னு எழுதியிருக்கான் தம்பி. போகாதவ எப்படித் திரும்புவா? போனது எங்க தாத்தாவைப் பெத்தவரு. நான் வந்தேன், அவ்வளவுதான்" என்பாள்.

இதைவிடச் சுருக்கமாக அந்தச் சரித்திரத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

போனவர்களின் கதை காப்பியில் ஆரம்பிக்கிறது. 1830-களிலிருந்து சிலோன் மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார்கள் காப்பி போட்டார்கள். பழம் பறிக்க ஆள் வேண்டும். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், பிறகு காட்டு வழியாக மறுபடியும் நடை. வழியில் விழுந்தவர்களை எண்ணி வைத்தவர்கள் இல்லை. 1869-ல் காப்பிச் செடிக்கு இலை நோய் வந்தது. சில வருஷங்களில் காப்பி அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கு வருஷம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் போய் வந்துகொண்டிருந்தவர்கள் தங்கிப் போனார்கள். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, திரும்பி வர ஊரில்தான் என்ன இருந்தது?

அவர்களில் ஒருவரும் வேறு தேசத்துக்குப் போவதாக நினைக்கவில்லை. நினைக்கக் காரணமும் இல்லை. இந்தக் கரையிலும் அதே ராணி, அந்தக் கரையிலும் அதே ராணி. 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு எழும்பூரில் எடுத்த டிக்கெட்டோடு கொழும்பில் இறங்கலாம். 1927-ல் எங்கள் ஊர் வழியாகத் தென்காசிக்கு ரயில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி, விருதுநகர் போய், மதுரையில் வண்டி மாறினால் தனுஷ்கோடி. நடுவில் சுமார் 22 மைல் கடல். "இர்வின்", "கோஷன்" என்று இரண்டு கப்பல்கள். கூலிக்குப் போகிறவர்களை மட்டும் மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, நோய் நொடி பார்த்து அனுப்புவார்கள். இந்திய மண்ணில் சிலோன் சர்க்கார் நடத்திய முகாம் அது! ஆளுக்கு அம்மை இருக்கிறதா, காலரா இருக்கிறதா என்று கேட்டார்களே தவிர, எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்கவில்லை.

கேள்வி 1948-ல் வந்தது. அந்த வருஷம் பிப்ரவரி 4-ஆம் தேதி சிலோன் சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் 18-ஆம் எண் சட்டமாகப் பிரஜா உரிமைச் சட்டமும், 20-ஆம் எண் சட்டமாகக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நிறைவேறின. தகப்பனார் சிலோனில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்து அறையில் மருத்துவச்சி கையில் விழுந்த பிள்ளைக்குப் பிறப்புச் சீட்டு ஏது? தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருக்கும். எத்தனை ராத்தல் கொழுந்து எடுத்தாள் என்றும் இருக்கும். அது சாட்சியாகாது.

1949 நவம்பர் 1-ஆம் தேதி குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் விஸாவும் வேண்டும். அந்தத் தேதியில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி எங்கள் ராஜபாளையத்துக்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா என்பதை ஊர்ப் பெருமைக்காகக் குறிப்பிடுகிறேன். பாஸ்போர்ட் விவகாரம் டில்லியின் கையில் இருந்தது. சென்னை என்ன செய்ய முடியும்?

இந்தத் தேதியில் மாட்டிக்கொண்டவர் பாட்டியின் சித்தப்பா. அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பார்க்க வந்தார். தேர் ஒரு சாக்கு. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் போயிருந்தது. தோட்டத்தில் மனைவியையும் ஒரு வயதுப் பிள்ளையையும் விட்டுவிட்டு, ஒரு மாதத்தில் வருகிறேன் என்று துரையிடம் சொல்லிவிட்டு வந்தார். தேர் நிலைக்கு வந்துவிட்டது. தாயார் உடம்பு நிலைக்கு வரவில்லை. ஐப்பசியில் அந்த அம்மாள் கண்ணை மூடினாள். பதினாறு முடித்து மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டபோது நவம்பர் மாதம் நடந்துகொண்டிருந்தது.

தனுஷ்கோடியில் விஸா கேட்டார்கள். அவர் அதை விலை என்று புரிந்துகொண்டு, "டிக்கெட்டுக்கு மேலே எவ்வளவுங்க?" என்று கேட்டாராம். பாட்டி இதைச் சொல்லும்போது சிரிப்பாள். நானும் முதல் தடவை சிரித்தேன்.

ஊருக்கு வந்து மனுப் போட்டார். இங்கே ஓர் அலுவலகம் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. அங்கே ஓர் அலுவலகம் வேலைக்கு அத்தாட்சி கேட்டது. ஒன்று வந்தால் மற்றது காலாவதியாகிவிடும். நாலு மாதம் பார்த்தார். ஒரு நாள் இரவு மீன்பிடித் தோணி ஒன்றில் ஏறிவிட்டார். கரையில் இறங்கி இரண்டாவது நாள் பிடித்துவிட்டார்கள். "என் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். எல்லாக் கள்ளத்தோணிகளும் அதைத்தான் சொல்வார்கள் என்று போலீஸ்காரர் பதில் சொன்னாராம். சிறையில் சில மாதம் வைத்திருந்து கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவள் ஏன் இங்கே புறப்பட்டு வரவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 1949-ல் இந்திய பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று இன்னொரு சட்டம் வந்திருந்தது. குடும்பஸ்தர்கள் 7 வருஷமும் மற்றவர்கள் 10 வருஷமும் இடைவிடாமல் வசித்ததை நிரூபித்தால் பிரஜா உரிமை கிடைக்கும். அவளும் மனுப் போட்டிருந்தாள். பதில் வருவதற்குள் கடலைத் தாண்டினால் அந்த "இடைவிடாமல்" என்ற சொல் அறுந்துபோகும். பிள்ளைக்கு ஒரு நாடு கிடைக்கட்டும் என்று காத்திருந்தாள். இப்படி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அவளுக்குக் கிடைக்கவில்லை.

வழக்காடியவர்களும் உண்டு. கோடகன் பிள்ளை என்பவர் ரூவன்வெல்லத் தொகுதி வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்கக் கேட்டார். பட்டியலைச் சரிபார்த்த அதிகாரி சேர்க்கச் சொன்னார். கொழும்பு உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. வழக்கு லண்டன் பிரிவி கௌன்ஸில் வரை போயிற்று. 1953-ல் தோற்றுப்போனார். சட்டம் எந்தச் சாதியையும் பெயர் சொல்லி விலக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். நரிக்கும் கொக்குக்கும் ஒரே தட்டில் பாயசம் வைத்த கதை எனக்கு ஞாபகம் வருகிறது.

இத்தனைக்கும், வந்து தங்கியவர்களை வந்தேறிகள் என்று சொல்ல நமக்கென்ன யோக்கியதை? எங்கள் ஊர் ராஜாக்களின் முன்னோர் விஜயநகர காலத்தில் தெலுங்குச் சீமையிலிருந்து வந்தவர்கள். இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். ஊருக்கே அவர்கள் பெயர்தான். வாசலில் கட்டிய நாயைத் தவிர யாரும் யாரிடமும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டதில்லை.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி டில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் சிலோனுக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் 75,000, 75,000 என்று சரி பாதியாகப் பிரித்தார்கள். பாகப் பிரிவினையில் ஆடு மாடுகளைக்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரித்து நான் பார்த்ததில்லை. போகிறாயா இருக்கிறாயா என்று அந்த ஜனங்களைக் கேட்டது 1964 ஒப்பந்தம் முடிந்த பிறகுதான். அப்போது சிலோனிலேயே இருக்கிறோம் என்று மனுச் செய்தவர்கள் ஒதுக்கிய 3 லட்சத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, புயல் தனுஷ்கோடியை விழுங்கிவிட்டது. ரயிலோடு சேர்ந்து பயணிகளும் போனார்கள். ஆகவே ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் இறங்கியது ராமேசுவரத்தில். தங்கியது அதே மண்டபம் முகாமில். பாட்டனார் அந்த வாசல் வழியாகத்தான் போனார்; பேரன் பேத்திகள் அதே வாசல் வழியாக வந்தார்கள்.

பாட்டியின் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. அவள் இந்தியப் பக்கத்துக் கணக்கில் வந்தாள். தங்கை சிலோன் கணக்குக்கு மனுப் போட்டு, தாயாரோடு தங்கிவிட்டாள். 1979-ல் தாயார் இறந்த தந்தி வந்தது. பாட்டிக்கு விஸா கிடைத்தபோது நாற்பதாவது நாளும் கழிந்திருந்தது. அவள் போகவில்லை. 1980-களின் நடுவில் கப்பலும் நின்றுவிட்டது. தங்கைக்குப் பிரஜா உரிமை 2003-ஆம் வருஷச் சட்டத்தில்தான் கிடைத்தது.

2013-ல் ஓர் இலக்கியக் கூட்டத்துக்காக நான் கொழும்பு போனேன். விஸாவை வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வாங்கினேன். காப்பி ஆறுவதற்குள் வந்துவிட்டது. இதைப் பாட்டியிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது. சொன்னேன். "நல்லது தம்பி" என்று மட்டும் சொன்னாள். ஹட்டனுக்குப் போய்த் தங்கையைப் பார்த்தேன். இன்னும் லயத்தில்தான் இருந்தாள். அக்காவுக்கென்று ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தாள்.

பாட்டி அதைப் போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "டஸ்ட்டு. நல்ல தூளை எப்பவும் சீமைக்குத்தான் அனுப்புவாங்க" என்றாள். அன்றைக்குத்தான் மண்டபத்தில் நடந்ததைச் சொன்னாள்.

சித்தப்பா இருபத்திரண்டு வருஷமாக ராஜபாளையம் பஞ்சுப் பேட்டையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1971-ல் இவர்களோடு சித்தியும் மகனும் வருகிறார்கள் என்று கடிதம் கிடைத்ததும் மண்டபத்துக்குப் போய்விட்டார். போகும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, பிள்ளைக்கென்று பால்கோவா வாங்கிக்கொண்டார். கடல் கொந்தளிப்பால் கப்பல் இரண்டு நாள் தாமதம். முகாம் வாசலில் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். மீசை வைத்த ஓர் ஆள் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். அவர் அவனுக்கு ஒதுங்கி வழிவிட்டு, பின்னால் குழந்தை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சித்திதான் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். பால்கோவா புளித்துப் போயிருந்தது. மகன் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் தின்று முடித்தான்.