கம்பி வலைக்குள் பிறந்த கேமரா

ஹெப்ரான் நகரத்தில் தெல் ருமெய்தா என்றொரு மேடு. அங்கே ஒரு பாலஸ்தீனக் குடும்பம் தன் வீட்டு முகப்பு முழுவதையும் இரும்பு வலை போட்டு மூடிக்கொண்டது. பக்கத்திலேயே யூதக் குடியேறிகளின் வீடுகள். அங்கிருந்து வந்து விழும் கல்லைத் தடுக்கப் போட்ட வலை அது. நாளடைவில் 'கூண்டு வீடு' என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மேற்குக் கரையில் சாதாரணக் குடும்பங்கள் கையில் கேமராவோடு நிற்கத் தொடங்கிய கதையை இந்த வலையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

வலைக்குள்ளிருந்து எடுத்த அந்த வீடியோவில் நடப்பது இவ்வளவுதான். குடியேறிப் பெண் ஒருவர் வலை மேல் முகம் ஒட்டும் அளவுக்கு நெருங்கி வந்து, உள்ளே நிற்கும் பெண்ணைப் பார்த்து 'வேசி' என்கிற அரபு வசவை இழுத்து இழுத்துச் சொல்கிறார். வீட்டுக்குள் போ என்று விரட்டுகிறார். அருகில் ஒரு ராணுவச் சிப்பாய் நிற்கிறார். நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அடிதடி இல்லை, ரத்தம் இல்லை. 2007 ஜனவரியில் இது இஸ்ரேலிய ஊடகங்களில் ஓடியபோது, பார்த்து வெட்கப்பட்டதாகப் பிரதமர் எஹுத் ஓல்மர்ட் அமைச்சரவைக் கூட்டத்திலேயே சொன்னார். இதைவிட எத்தனையோ மடங்கு மோசமானவை ஹெப்ரானில் வருஷக்கணக்காக நடந்து, புகார்களாக எழுதப்பட்டுக் குவிந்து கிடந்தன. காகிதத்தைப் பார்த்து வெட்கப்படாத அரசு படத்தைப் பார்த்து வெட்கப்பட்டது.

அந்தக் காகிதங்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. குடியேறிகள் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள், கேட்பாரில்லை என்று 1980லேயே இஸ்ரேலியச் சட்டப் பேராசிரியர்கள் அட்டர்னி ஜெனரலுக்குக் கடிதம் எழுதினார்கள். துணை அட்டர்னி ஜெனரல் யெஹுதித் கார்ப் தலைமையில் குழு அமைந்தது. அவர் 70 வழக்குகளை எடுத்துப் பார்த்தார். 53 வழக்குகள் எந்த நடவடிக்கையும் இல்லாமல் முடிந்திருந்தன. 1982ல் அறிக்கை கொடுத்தார். யாரும் சட்டை செய்யவில்லை. மறு வருஷம் பொறுப்பிலிருந்து விலகினார். அறிக்கை வெளியே வந்தது 1984ல்தான். அரசாங்கமே நியமித்த ஆள், அரசாங்கத்தின் கோப்புகளை வைத்துச் சொன்னது இது. வெளியாள் யாரும் வந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கோப்பு எப்படி மூடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் ஒரே தெருவில் இரண்டு சட்டம். பாலஸ்தீனருக்கு ராணுவச் சட்டம், ராணுவ நீதிமன்றம். எதிர்வீட்டுக் குடியேறிக்கு இஸ்ரேலிய சிவில் சட்டம், இஸ்ரேலிய போலீஸ். குடியேறி அடித்தால் அதைத் தடுக்கவும் ஆளைப் பிடித்துவைக்கவும் சிப்பாய்க்கு அதிகாரம் உண்டு. ஆனால் குடியேறிகளைப் பாதுகாக்கத்தான் தன்னை அனுப்பியிருக்கிறார்கள், மற்றதெல்லாம் போலீஸ் வேலை என்பதே அவர் புரிந்துவைத்திருப்பது. போலீஸிடம் போக வேண்டுமென்றால் குடியேற்றப் பகுதிக்குள் போக வேண்டும். ஹெப்ரான்காரர்களுக்கு அது கிர்யாத் அர்பா. அடித்தவர்களின் வாசலைத் தாண்டிப் போய், அடி வாங்கினேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் பல கோப்புகளில் கடைசியாக விழும் குறிப்பு: 'குற்றவாளி யாரென்று தெரியவில்லை.'

முகம் தெரியவில்லை என்றால் முகத்தைக் காட்டிவிடுவோம் என்பதுதான் கேமராத் திட்டத்தின் விதை. 1989ல், முதல் இன்திஃபாதா என்கிற பாலஸ்தீன எழுச்சியின் காலத்தில் தொடங்கிய இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு பெத்ஸெலெம். வாக்குமூலம் வாங்கி அறிக்கை எழுதுவதுதான் அதன் வழக்கமான வேலை. ராணுவ அதிகாரியாக இருந்து, பிறகு பாலஸ்தீனப் பகுதிகளில் பணியாற்ற மறுத்துத் திரைப்படத் துறைக்குப் போன ஓரென் யாகொபொவிச் அங்கே வீடியோ பிரிவுக்கு வந்தார். தாங்கள் போய்ப் படம் எடுப்பதற்குப் பதிலாக, அடிவாங்கும் இடத்தில் குடியிருப்பவர்கள் கையிலேயே சிறிய வீடியோ கேமராவைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. 2007 ஜனவரியில் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்குள் சுமார் 100 கேமராக்கள் போய்ச் சேர்ந்திருந்தன.

கேமரா பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள் கைக்குத்தான் போனது. பேர் பெற்ற முதல் மூன்று வீடியோக்களையும் எடுத்தவர்கள் பெண்கள். தெல் ருமெய்தாவுக்குப் பிறகு, 2008 ஜூனில் தெற்கு ஹெப்ரான் மலையிலுள்ள சுசியா. மேட்டிலிருந்து முகமூடி போட்ட நான்கு பேர் தடியோடு இறங்கி வருகிறார்கள். ஓடி வரவில்லை, நிதானமாக நடந்து வருகிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வயதான தம்பதியை நெருங்குகிறார்கள். முதல் அடி விழுந்ததும் படம் தடுமாறுகிறது. எடுத்துக்கொண்டிருந்த பெண் உதவி தேடி ஓடிவிட்டார். உலகம் முழுக்க ஓடிய காட்சி. ஆனால் அந்த நான்கு பேர் முகத்திலும் துணி. முகம் தெரியவில்லை என்பதற்குக் கேமரா பதில் என்றால், கேமராவுக்கு முகமூடி பதில்.

அடுத்த மாதம் நிலின் கிராமம். கைகட்டி, கண்கட்டி, ஜீப் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒருவரின் காலை நோக்கிச் சிப்பாய் ரப்பர் பூசிய குண்டைச் சுடுகிறார். கைதியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பட்டாலியன் தளபதி. பதின்வயதுப் பெண் ஒருத்தி தன் வீட்டு சன்னலிலிருந்து இதைப் பிடித்துவிட்டாள். இதில் முகமூடி கிடையாது, தெரியாத ஆள் கிடையாது. ராணுவம் முதலில் போட்ட குற்றச்சாட்டு 'தகாத நடத்தை'. குற்றப் பதிவேட்டில்கூட ஏறாத குற்றம். இஸ்ரேலிய உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இது போதாது, கடுமையாக்கு என்றது. 2011ல் தண்டனை வந்தது: தளபதி ஓம்ரி போர்பெர்குக்குப் பதவி உயர்வு இரண்டு ஆண்டு தள்ளிப்போனது, சிப்பாய்க்குப் பதவி இறக்கம். சிறை யாருக்கும் இல்லை. படம் எடுத்த பெண்ணின் அப்பா மட்டும், வீடியோ வெளியான சில நாளிலேயே கைதாகி வாரக்கணக்கில் உள்ளே இருந்தார்.

இதெல்லாம் சேர்ந்து வெடித்தது 2016 மார்ச் 24 அன்று, மறுபடியும் தெல் ருமெய்தாவில். இரண்டு பாலஸ்தீன இளைஞர்கள் ஒரு சிப்பாயைக் கத்தியால் குத்தினார்கள், இருவரும் சுடப்பட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர், அப்தெல் ஃபத்தா அல் ஷரீஃப், காயத்தோடு தரையில் கிடந்தார். காயம்பட்ட சிப்பாயை ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். அப்போது எலோர் அஸாரியா என்கிற ராணுவ மருத்துவ உதவியாளர் துப்பாக்கியைத் தயார்செய்து, கிடப்பவரின் தலையில் சுடுகிறார். சுற்றி நிற்பவர்கள் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் குண்டைவிட இந்த அசையாமைதான் அந்த வீடியோவின் சாட்சியம். எடுத்தவர் பெத்ஸெலெம் தன்னார்வலர், செருப்புத் தைப்பவர்.

இந்த முறை ராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்றது. கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல், 18 மாதம் சிறை. தலைமைத் தளபதி அதில் நான்கு மாதத்தைக் குறைத்தார். ஒன்பது மாதத்தில் அஸாரியா வெளியே வந்துவிட்டார். இதற்கிடையில் அவர் பலருக்கு நாயகனாகவும் ஆகியிருந்தார். அப்போதைய பிரதமர் நெதன்யாகு அவருடைய தந்தைக்கு போன் செய்து பேசினார். சுட்டதைக் கண்டித்த பாதுகாப்பு அமைச்சர் மோஷே யாலோன் இரண்டே மாதத்தில் பதவியிழந்தார். அந்த இடத்துக்கு வந்தவர், அஸாரியாவுக்கு ஆதரவாக நீதிமன்றத்துக்கே போய்வந்த அவிக்டோர் லீபர்மன்.

பெத்ஸெலெம் கணக்கை முடித்ததும் யாலோன் பதவியிழந்த அதே 2016 மே மாதம்தான். 2000ன் இறுதியிலிருந்து ராணுவச் சட்டத் துறைக்கு அது அனுப்பிய புகார்கள் 739. குற்றப்பத்திரிகை வரை போனவை 25. இனி உங்களுக்குப் புகாரே அனுப்பமாட்டோம், எங்கள் உழைப்பு உங்களுக்குக் கோவணமாகத்தான் உதவியது என்கிற பொருள்பட அறிக்கை விட்டுக் கதவைச் சாத்தியது. கோபத்தில் எடுத்த முடிவு என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆதாரம் இல்லாததுதான் குறை என்று நம்பி, ஒன்பது ஆண்டு கேமராவைச் சுமந்தவர்கள் எடுத்த முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. குடியேறிகள் பக்கக் கணக்கும் இதற்குச் சளைத்ததில்லை. 2005 முதல் 2023 வரை பாலஸ்தீனரைக் குடியேறிகள் தாக்கியதாகப் போலீஸ் விசாரித்த வழக்குகளை யெஷ் தின் என்கிற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு தொடர்ந்து கவனித்தது. நூற்றுக்குச் சுமார் 94 வழக்குகள் குற்றப்பத்திரிகை இல்லாமலே மூடப்பட்டன. தண்டனையில் முடிந்தவை மூன்று சதவீதம்.

கேமரா மட்டும் நிற்கவில்லை. 2018ல் சிப்பாய்களைப் படமெடுப்பதையே குற்றமாக்க ஒரு மசோதா வந்து, முதல்நிலை வாக்கெடுப்பையும் தாண்டியது, சட்டமாகவில்லை. அதற்குள் எல்லார் சட்டைப்பையிலும் போன் வந்துவிட்டதால் கேமரா கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. தெற்கு ஹெப்ரான் மலையின் மசாஃபெர் யத்தா கிராமங்களில் அப்படிச் சேர்ந்த காட்சிகள் 'நோ அதர் லேண்ட்' என்ற ஆவணப்படமாகி 2025ல் ஆஸ்கர் வாங்கின. அந்தப் படத்துக்கு உதவிய ஆசிரியர் அவ்தா ஹதலீன், அதே ஆண்டு ஜூலை 28 அன்று உம் அல் கைரில் சுட்டுக் கொல்லப்பட்டார். குண்டு பாய்ந்த கணம் அவர் கையிலிருந்த போனிலேயே பதிவாகியிருக்கிறது. சுட்டதாகச் சந்தேகிக்கப்பட்டவர் பிரிட்டன் ஏற்கெனவே தடை விதித்திருந்த குடியேறி. சில நாள் வீட்டுக்காவல், பிறகு விடுதலை. ஹதலீனின் உடலைக் குடும்பத்திடம் கொடுக்கத்தான் பத்து நாள் ஆனது.

இந்தக் கதையில் கடைசியாக வந்து சேர்ந்த ஆள் யாரும் எதிர்பாராதவர். 2024ல் ஸ்தே தெய்மான் தடுப்பு முகாமில் பாலஸ்தீனக் கைதி ஒருவரை ரிசர்வ் படையினர் கொடுமைப்படுத்திய வழக்கு. விசாரிக்கப் போன ராணுவப் போலீஸை எதிர்த்து, நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்பட ஒரு கூட்டம் முகாமுக்குள்ளேயே புகுந்தது. அடுத்த மாதம் முகாமின் கண்காணிப்புக் கேமராக் காட்சி தொலைக்காட்சியில் வந்துவிட்டது. யார் கசியவிட்டது என்று ஓராண்டுக்கு மேல் தேடினார்கள். 2025 அக்டோபர் 31 அன்று ராணுவத் தலைமை வழக்கறிஞர் யிஃபாத் தோமெர் யெருஷல்மி, தானே அனுமதித்ததாக ஒப்புக்கொண்டு பதவி விலகினார். பெத்ஸெலெம் தன் 739 புகார்களையும் அனுப்பியது அந்த நாற்காலியின் துறைக்குத்தான். தோமெர் யெருஷல்மி, தன் துறை மீது பரவிய பொய்ப் பிரசாரத்துக்குப் பதிலடியாக வெளியிடச் சொன்னேன் என்றார். சில நாளில் அவரைப் போலீஸ் கைது செய்தது.