உண்மை சொன்ன பிள்ளைக்கு மன்னிப்பு உண்டா?



நம் பிள்ளைகள் புதுநன்மை வாங்குமுன் முதன்முறையாக ஒப்புரவு அருளடையாளத்தைப் பெறுகிறார்கள். எக்காலத்திலும் இப்படித்தான் இருந்தது என்று நாம் நினைக்கலாம். ஆனால் சிறுவர்களின் பாவசங்கீர்த்தனத்திற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

தொடக்கத் திருஅவையில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களுக்கு ஊரறியத் தவம் செய்யவேண்டியிருந்தது. அந்த வாய்ப்பும் வாழ்நாளில் ஒருமுறைதான். பின்னர், குருவிடம் தனியாக, மீண்டும் மீண்டும் பாவங்களை அறிக்கையிடும் வழக்கத்தை அயர்லாந்துத் துறவிகள் ஐரோப்பாவில் பரப்பினார்கள். 1215-ஆம் ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், நன்மை தீமையைப் பகுத்தறியும் வயதை அடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் எனக் கட்டளையிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லும் குரு தம் பணியை இழந்து, ஒரு துறவு மடத்தில் ஆயுள் முழுவதும் தவம் செய்யவேண்டும் என்றும் அதே சட்டம் கூறியது.

பகுத்தறியும் வயது எது? இதில்தான் குழப்பம் நேர்ந்தது. நற்கருணை பெறுவதற்கு 10 வயது, 12 வயது, 14 வயது என்று ஊருக்கு ஊர் வரையறுத்தார்கள். சில இடங்களில் சிறுவர்களைப் பாவசங்கீர்த்தனத்திற்கே அனுமதிக்கவில்லை. வேறு சில இடங்களில் அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, பாவமன்னிப்பு வழங்காமலே அனுப்பினார்கள். பிள்ளை உண்மையைச் சொன்னது, மன்னிப்போ கிடைக்கவில்லை.

திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்தில், 1910 ஆகஸ்டு 8 அன்று வெளியான ஆணை இதற்கு முடிவு கட்டியது. ஏறக்குறைய ஏழு வயதே பகுத்தறியும் வயது, அந்த வயதை அடைந்த சிறுவர்களுக்குப் பாவமன்னிப்பை மறுக்கும் வழக்கத்தை அடியோடு கைவிடவேண்டும் என்று அது தெளிவாகச் சொன்னது.

அன்பர்களே, திருஅவை கைவிட்ட அந்த வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறதா? பத்து, பதினொரு வயதுப் பிள்ளை மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறது. கடையில் மீந்த சில்லறையை எடுத்துக்கொள்கிறது. “உண்மையைச் சொல், அடிக்கமாட்டேன்” என்கிறோம். சொன்ன பிறகு அடிக்கிறோம். அல்லது விருந்தினர் முன் அதையே சொல்லிக் காட்டுகிறோம். அடுத்த முறை அந்தப் பிள்ளை பொய்தான் சொல்லும்.

மன்னிப்பு என்பது தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவதன்று. எடுத்த காசைப் பிள்ளை திருப்பிக் கொடுக்கட்டும். ஆசிரியரிடம் தானே சென்று உண்மையைச் சொல்லட்டும். அந்தப் பரிகாரத்திற்குத் துணையாக நாமும் உடன் செல்வோம். அது முடிந்தபின் அந்தப் பேச்சை மீண்டும் எடுக்காதிருப்போம். “சாமியாரிடம் என்ன சொன்னாய்?” என்று பிள்ளையை ஒருபோதும் கேட்காதிருப்போம்.

பிள்ளைகளை மட்டும் ஆலயத்திற்கு அனுப்பிவிட்டு வீட்டில் இராமல், ஒப்புரவுக்காக அவர்களோடு நாமும் வரிசையில் நிற்போம். இறைவன் நம்மையும் மன்னித்து, மன்னிக்கும் மனத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.